எண்ணெய் படக்கூடாத இடம்

ஜெரலினுக்கு வாய் முந்திக்கொள்ளும். யோசனை பின்னால் மெதுவாக வந்து சேரும். அப்படித்தான் போன வருடம் தேவாலயத்துக் காப்பிக் கூடத்தில், பாதி ஊர் பார்த்திருக்க, தன் டிரக்கையே பணயம் வைத்துவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் மாவட்டக் கண்காட்சியில் பாரம் இழுக்கும் போட்டி நடந்தது. சறுக்கு வண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு மண் தடத்தில் இழுக்க வேண்டும். போகப் போக அதன் பாரம் முன்னால் நகர்ந்து வந்து டிரக்கை அமுக்கும். ஜெரலினின் டிரக் பாதித் தடத்தில் நின்றுபோனது. இன்ஜின் தங்கமான இன்ஜின். அதற்கு டீசல் அனுப்புகிற பம்புதான் கம்ப்யூட்டர் சொன்னபடி ஆடுகிற ரகம். எங்கோ ஓர் ஒயரில் கரண்ட் தடுமாறியதும் அது கையை விரித்துவிட்டது. அவள் அண்ணன் ஹார்லன் தன்னுடைய புத்தம் புது டிரக்கைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே அவளை இழுத்துப் போனான். நேராக வெளியே போயிருக்கலாம். அந்தப் புண்ணியவான் ஜனங்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

"அந்தச் சவத்த எனக்குக் குடுத்துரு, ஜெரி. ஒண்ணோட ஒண்ணு மோதி நொறுக்குற இடிவண்டிப் பந்தயத்துக்கு வெட்டிக்கிறேன்," என்றான் மறுநாள், வாய் நிறைய பங்கெட் என்கிற பாதாம் பலகாரத்தோடு.

"அடுத்த வருஷம் உன்னைவிட ஒரு அடி கொறஞ்சாலும் எடுத்துட்டுப் போ!"

"கைய குடு."

கொடுத்தாள். வடமேற்கு அயோவாவில் கை குலுக்கிவிட்டால் அவ்வளவுதான், பின்வாங்க முடியாது. அந்த டிரக்கில்தான் அவள் கன்றுகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகிறாள். அதில் அவள் கை படாத போல்டு ஒன்றுகூடக் கிடையாது. அதை வெட்டித் துண்டு போட விடுவாளா?

குளிர்காலம் முழுக்க அவள் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பழைய ரொட்டி வண்டி ஒன்றிலிருந்து மெக்கானிக்கல் பம்பு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். நல்ல கனமான இரும்பு. வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க முடியும். அதற்கு ஒயரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். இன்ஜின் சுற்றினால் பம்பு சுற்றும், பம்பு சுற்றினால் டீசல் போகும். சாவியைத் திருப்பி அணைக்கக்கூட முடியாது. டாஷ்போர்டுக்குக் கீழே கேபிள் ஒன்றை இழுத்துத்தான் அணைக்க வேண்டும். புதுக் குழாய்கள் வளைத்தாள், இன்ஜினின் முன்மூடியை மாற்றினாள், டீசல் பாய வேண்டிய நேரத்தை, அந்த டைமிங்கை, இம்மி பிசகாமல் வைத்தாள். உதவிக்கு அவள் கணவன் வெர்ன். பன்றி வளர்க்கிறவன், பொறுமைசாலி. கண்ணில் பட்டதற்கெல்லாம் எண்ணெய் போடுவது மட்டும் அவனுக்கு ஒரு வியாதி.

இந்த வருடப் போட்டி திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம் முதல் தடவையாக இன்ஜினை முடுக்கினாள். உடனே பிடித்துக்கொண்டது. ஜெரலின் கத்திய கத்தலில் பன்றிகள் மிரண்டன. ஆசை யாரை விட்டது? ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தாள். உள்ளே ஏதோ நழுவினாற்போல் சத்தம் மாறியது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிக் கொட்டகையை நிறைத்தது. அதற்குப் பிறகு இன்ஜின் காய்ச்சல்காரன் மாதிரி முனகியதே தவிர, இழுக்கத் திராணியில்லை. பொழுது சாயும்வரை டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களையும் குழாய்களையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் ஞாயிறு, கர்த்தரின் ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை பன்றிக்குத் தீனி வைக்கலாம், மாடு கறக்கலாம். ஸ்பானரை மட்டும் தொடக்கூடாது. ஜெரலின் தொட்டதே இல்லை. ஆராதனை முடிந்ததும் காப்பிக் கூடத்தில் ஹார்லன் காத்திருந்தான்.

"என்ன ஜெரி, நேத்து உன் கொட்டகையில ஒரே புகையாமே? கொசு விரட்டினியா?"

"வாய மூடு, ஹார்லன்."

"பெரிய டிரெய்லரா கேட்டு வச்சிருக்கேன். நாளைக்கு ஏத்திட்டுப் போக வசதியா இருக்கும்."

எப்போதும் சண்டைக்குப் போகாத வெர்னுக்கே பொறுக்கவில்லை. "மாட்டினதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஒரு போல்ட்டக்கூட நான் வறட்டா மாட்ட விடல. அந்தப் பம்புத் தண்டு கூம்பா இருக்கே, அதுக்குக்கூட இவ மாட்டுக்குத் தீனி போடப் போன நேரத்துல என் கையால எண்ணெய் தடவினேன்."

ஜெரலின் காப்பியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குத் தடவின?"

"கூம்புக்கு. பல்சக்கரம் வந்து உக்காருற எடத்துக்கு. சும்மா வழுக்கிட்டுப் போய் உக்காந்துச்சு."

"வழுக்கும், வெர்ன்! ஏன் வழுக்காது? சக்கரத்தைத் தண்டோட பூட்டுற கட்டையே அதுல கிடையாது. வறண்ட இரும்பு வறண்ட இரும்பைப் பிடிக்கிற பிடிதான் அந்தச் சக்கரத்தையே நிறுத்துது. நீ எண்ணெய் போட்ட, நான் மிதிச்சேன், அது நழுவிருச்சு. டீசல் நேரங்கெட்டுப் போகுது!"

"நல்லதுக்குத்தானே போட்டேன்," என்றான் வெர்ன், முகம் வெளிறிப்போய்.

அவன் கழுத்தை நெரிப்பதா, கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவதைத்தான் செய்தாள், பாதிரியார் பார்க்கிறார் என்பதையும் மறந்து. பழுது தெரிந்துவிட்டது. ஆனால் கை வைக்க முடியாது.

அந்த மதியம் போல ஒரு மதியத்தை எதிராளிக்குக்கூடக் கொடுக்கக்கூடாது. கொட்டகை வாசல்வரை போவாள், திரும்பி வருவாள். கை அரித்தது.

"கடவுளே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு, ஜெரி," என்றான் வெர்ன்.

"அவரு வேலைய முடிச்சிட்டு எடுத்தாரு!"

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பம்பைக் கழற்றிக் கீழே இறக்கினாள். தண்டையும் சக்கரத்தின் உட்புறத்தையும் பிரேக் கழுவுகிற திரவத்தால் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணியில் அழுக்கு ஒட்டாமல் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். வெர்ன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றான். மறுபடி டைமிங் வைத்து, நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி, முடுக்கினாள். மிதித்தாள். இன்னும் பலமாக மிதித்தாள். வெள்ளைப் புகையைக் காணோம். பலமுள்ள இன்ஜின் விடுகிற கன்னங்கரேலென்ற புகை எழும்பிக் கூரையில் முட்டியது. ஜெரலினுக்குக் கண்ணீர் வந்தது, புகையால் இல்லை.

சாயங்காலம் ஹார்லன் சொன்னபடியே காலி டிரெய்லரோடு வந்திருந்தான். அவன் முறைதான் முதலில் வந்தது. குறை சொல்ல முடியாது, நன்றாகவே இழுத்தான். கடைசிக் கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது சக்கரங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றன. ஜனங்கள் கை தட்டினார்கள். அதைவிட அதிகம் போக யாராலும் ஆகாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

பச்சைக் கொடி அசைந்ததும் ஜெரலின் கிளம்பினாள். தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது, இது வேறு இன்ஜின். பாதித் தடத்தில் பாரம் முன்னேறி வந்தபோது டிரக் முரட்டுத்தனமாக ஒரு குதி குதித்தது. டாஷ்போர்டில் இருந்த மீட்டர் முட்களெல்லாம் பொத்தென்று விழுந்தன. விளக்கு இல்லை, விசிறி இல்லை. பேட்டரி ஒயர் அறுந்துவிட்டது! போன வருடம் இதே இடம், இதே மாதிரி.

இன்ஜினுக்கு அந்தச் சேதியே போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. கரண்டைக் கேட்டு ஓடுகிற பம்பா அது? "போடா என் ராஜா, போ!" என்று அலறிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினாள். ஹார்லன் நின்ற இடம் ஜன்னலோரம் பின்னால் போயிற்று. கடைசிக் கோடும் போயிற்று. சிவப்புக் கொடிக்காரர் இரண்டு கையாலும் வீசிக்கொண்டு ஓடி ஒதுங்கிய பிறகுதான் காலை எடுத்தாள்.

கேபிளை இழுத்து இன்ஜினை அணைத்ததும் ஜனங்கள் போட்ட கூச்சல் காதில் விழுந்தது. வெர்ன் தொப்பியை எங்கோ வீசிவிட்டு, வழுக்கைத் தலையோடு தடத்தில் ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஹார்லன் வந்து சேர்ந்தான். கதவருகே நின்று, தரையைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஒரு வருடமாக அவனுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த நக்கல்கள் ஏராளம். எதை முதலில் எடுத்து விடலாம் என்று யோசித்தாள்.

"நல்லா இழுத்தே," என்றான் ஹார்லன். பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சொல் வந்ததில்லை.

சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ, ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. ஜெரலின் கரி அப்பிய முகம் முழுக்கச் சிரித்தாள்.

"தெரியும்," என்றாள்.