சைபர் போடாத பெட்டி

...போட்டாச்சும்மா என்று ஏன் சொன்னேன், மறந்துட்டேன், இப்பப் போடுறேன் என்று சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா... ஆஸ்பத்திரி மேலாளரின் அறைக்கு வெளியே, கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற அவர் அதையே மென்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய உதவிப் பொறியாளர், பத்து வருஷமாக அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிறவள், அவர் சொன்ன பொய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று புது ரவுட்டரை வைத்தது அவர்தான், நல்ல பெரியது, முன்னுரிமை எண் இருநூறு கொடுத்தார், ஒரே இணைப்பில் நாலு ரவுட்டர் சேர்ந்தால் எண் பெரியதுதான் தலைவன், ஆனால் ஏற்கனவே ஒன்று தலைமையில் இருந்தால் யார் வந்தாலும் அது இறங்காது, அது செத்தாலும் புதியதுக்கு இடமில்லை, இரண்டாவதாக நிற்பதுதான் ஏறும், அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே... அந்த இரண்டாவது எது? ஸ்டோர் ரூம் அலமாரிமேல் தூசியில் கிடந்த சின்னப் பெட்டி. அதன் முன்னுரிமை எண்ணைப் பூஜ்யமாக்கி, சைபர் போட்டிருந்தால் தலைமைப் போட்டிக்கே வந்திருக்காது. அண்ணா, அதுக்கு சைபர் போட்டீங்களா என்று அவள் கேட்டாளே, வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம், போட்டாச்சும்மா, அவளும் நம்பிச் சரிபார்த்த தாளில் கையெழுத்துப் போட்டாள்.

காலை பதினொன்றுக்குப் பழைய ரவுட்டர் மூச்சை நிறுத்தியது, நாற்பது விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றவை சின்னப் பெட்டியைத் தலைவனாக்கின, அது திணறிப்போய், நான் இருக்கேன் நான் இருக்கேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, வேறு எதற்கும் பதில் தராமல் கிடந்தது, அது உயிரோடு இருப்பதாக நம்பி மற்றவையும் அதை இறக்கவில்லை. அவர் ஓடிப்போய் அதன் கேபிளைப் பிடுங்குவதற்குள் பதினொரு நிமிஷம். வார்டுத் திரையில் மருந்துக் குறிப்பு எதுவும் தெரியாத அந்த நேரத்தில் மூன்றாம் மாடி நர்ஸ், ஏற்கனவே போட்ட ஊசியை ஒரு நோயாளிக்கு மறுபடியும் போட்டுவிட்டாள். அந்த மனுஷன் இன்னும் கண் திறக்கவில்லை. அந்த மனுஷனின் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாளே, ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு, யாரிடமும் எதுவும் கேட்காமல்...

கதவு திறந்தது. அவள் வந்தாள், கண் சிவந்திருந்தது.

"என்னம்மா கேட்டாங்க?"

"சரிபார்த்தது யாருன்னு. கையெழுத்து என்னோடதுதானே, நான்தான் பார்க்காம விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நாளையிலேருந்து வர வேணாம்னுட்டாங்க."

"என் பேரு..."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "கேக்கவே இல்லைண்ணா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். அவர் எழுந்தார். கதவு ரெண்டடி தூரம்தான், தட்டலாம், சொல்லிவிடலாம், கை அதுவரை போகவும் போனது... காலையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது சற்று இறங்கியிருந்தது, எப்போது இறங்கியது, அவள் பேசிக்கொண்டிருந்தபோதேயா...