கேட்டு வாங்கிய பத்து நிமிடம்

ராமலட்சுமி தனக்கென்று கேட்டது வெறும் பத்து நிமிடம். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

பதுளை பஜாரில் வீரசிங்கம் முதலாளியின் துணிக்கடையில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. காலையிலிருந்து கடை சாத்தும்வரை கால் கடுக்க நிற்கவேண்டும். கிளினிக்கில் அவளுக்குப் பிரஷர் பார்த்த டாக்டரம்மா, நம்ப முடியாமல் இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் குளிசையைக் கூட்டி எழுதினார்.

"மருந்து மட்டும் பத்தாது. நல்லா தூங்கணும். ஒரு நாளைக்கிப் பத்து நிமிசமாவது உக்காந்து, கண்ண மூடி, மூச்ச மட்டும் கவனிங்க. இப்படியே போனா கை கால் இழுத்துக்கும்."

ராமலட்சுமிக்கு வயது நாற்பத்து மூன்று. கடைசி மகள் இன்னும் நாலாம் வகுப்பு. தான் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னிவிட யார் இருக்கிறார்கள்?

ஆனால் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது? தேயிலைத் தோட்டத்து லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் ஐந்து பேர். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவள் கண்ணை மூடினால் அடுத்தவர் மேல்தான் விழவேண்டும். கூட வேலை செய்யும் ஷஹீலாதான் வழி சொன்னாள்.

"மொதலாளிகிட்டயே கேளுங்கக்கா. அவரும் தியானம் பண்றவருதானே."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்மாடி ஸ்டோரில் பத்து நிமிடம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள்.

வீரசிங்கம் முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார், கதையும் அதோடு முடிந்திருக்கும். நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பிப்பது கஷ்டம். "ஒனக்கு மட்டும் எதுக்கும்மா? எல்லாருக்குமே வேணும்" என்றார். எட்டரைக்குக் கடை திறக்குமுன், எட்டே காலுக்கே எல்லோரும் மேலே உட்காரவேண்டும் என்று சட்டம் போட்டார். புதுப் பாய்களும் வந்தன. பிந்தி வந்தால் அரை நாள் லீவு வெட்டு.

தோட்டத்திலிருந்து ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் எட்டு இருபதுக்குத்தான் பதுளை. அதற்கு முந்தியது ஐந்தே முக்காலுக்கு, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வருவது. தண்ணீர் பிடித்து, ஐந்து பேருக்கும் சமைத்துவைக்க நாலரைக்கு எழும்பியவள் இனி மூன்றேகாலுக்கே எழும்பவேண்டும்.

"எனக்கு பஸ் இல்லீங்க மொதலாளி" என்று இழுத்தாள்.

"ஒரு மாசம் பழகுனா சரியாயிரும்மா. ஒடம்புக்கு நல்லது."

கேட்டவளே வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? "புண்ணியவதி, வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று பில் போடும் துஷாந்தினி பொரிந்து தள்ளினாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

தினமும் முதலாளி மெதுவாகப் பாட்டுப் போட்டு, மூச்சைக் கவனிக்கச் சொல்வார். ராமலட்சுமி கண்ணை மூடியதுமே தூக்கம் அமுக்கும். தூங்கினால் மானம் போய்விடும் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றாடம் அவள் பட்ட பாடுகளிலேயே பெரிய பாடு அந்த அமைதிதான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, பஸ்ஸில் வரும்போதே மண்டை பிளந்தது. பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வலது கை மடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. வேறு யாருடைய கையோ போல அங்கேயே கிடந்தது. ஷஹீலாவைக் கூப்பிட நினைத்தாள். நாக்குப் புரளவில்லை. இமையைக்கூடத் தூக்க முடியாமல், முதுகைச் சுவரில் சாய்த்தபடி அப்படியே இருந்தாள். பிள்ளை ஞாபகம் வந்து, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பாட்டு நின்றது. எல்லோரும் எழும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அக்கா" என்று ஷஹீலா தோளைத் தொட வந்தாள்.

"தொடாத புள்ள" என்று முதலாளி கிசுகிசுத்தார். அவர் குரல் தழுதழுத்தது. "ஆனந்தக் கண்ணீர் இது. இத்தன நாள்ல இவளுக்குத்தான் கைகூடியிருக்கு. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும், பாவம்."

செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கடை திறக்கப் படியிறங்கினார்கள்.