கயிற்றின் மேல்முனை

திங்கட்கிழமை மாலை, பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் தேவராஜ் சார் பலகையில் ‘கல்லாய்ச் சமைந்தான்’ என்று எழுதினார். பயம் எல்லை கடந்து கைகால் அசையாமல் நின்றுபோனால் இப்படிச் சொல்வார்கள் என்றார்.

“சமையறது பொம்பளப் புள்ளிங்கதானே சார்? கல்லு எந்த வூட்ல சமைஞ்சுது, யாரு சீர் வச்சாங்க?” என்று குப்பம்மா கேட்டாள். பாயில் இருந்த ஏழு பேரும் சிரித்தோம். சாரும் சிரித்துவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் தங்களுக்கு நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதி, வெள்ளிக்கிழமை எழுந்து நின்று படிக்க வேண்டும் என்றார். என் பக்கத்தில் சிலேட்டில் ‘ப’ எழுதிக்கொண்டிருந்த சக்கரவர்த்தி மாமா, அக்காவின் கணவர், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருடைய இடது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

நான் தினமும் நோட்டில் எழுதுகிறவன். தேதி, கிழமை, வேலை, பார்த்தது என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்வேன். எழுதியது சரிதானா என்று மறுநாள் பார்ப்பேன். பெரும்பாலும் சந்தேகமாகவே இருக்கும். அன்று இரண்டு வாக்கியங்கள் எழுதி அடித்தேன். ஒன்றில் கரடி வந்தது, இன்னொன்றில் பாம்பு. இரண்டையும் கண்டு நான் ஓடியிருக்கிறேனே தவிர நின்றதில்லை. பக்கத்தைத் திருப்பி, போன புதன்கிழமையின் கட்டத்தைப் பார்த்தேன். ‘கயிறு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது’ என்று எழுதியிருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது பொய்.

எங்கள் மலையில் பாறைத் தேன் எடுக்க இறங்குபவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மனைவியின் கூடப்பிறந்தவன்தான். வேறு யாரையும் விடமாட்டார்கள். கயிற்றில் தொங்குவது தன் அக்காளின் தாலி என்பதால் அவன் கைவிட மாட்டான் என்று கணக்கு. கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முனையைப் பிடித்திருக்க வேண்டும். கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தால், அவர் பாறையில் காலூன்றி ஏற ஏற, நான் தளர்ந்த கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டே வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அன்று கூட்டுக்குப் போட்ட புகை திசைமாறித் தேனீக்கள் மேலே வந்தன. என் முகத்தில் ஒன்பது கொட்டு. கயிறு இரண்டு முறை இழுபட்டது, தெரிந்தது. மறுபடி இழுபட்டது; அதுவும் தெரிந்தது. ஒவ்வொன்றையும் எண்ணினேன். என் கைகள் யாருடையவோ போல் என் முன்னால் இருந்தன. கடைசியில் மாமா தொங்கிய கயிற்றைக் கையாலேயே பற்றி ஏறி வந்தார். அக்கா அவர் உடம்பிலிருந்து முப்பத்தொரு கொடுக்கைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். “கவுறு இடுக்குல மாட்டிகிச்சு. ஒம்போது கொட்டு மூஞ்சில, அப்பவும் கவுத்த வுடல என் மச்சான்” என்று மாமா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் புதன்கிழமை இதைவிட உயரமான பாறை. மறுபடி என் கை நின்றுபோனால், அக்கா கத்தியை எடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. எழுந்து நின்றேன். “போன வாரம் புதன்கிழமை மாமா ஆறு தடவை இழுத்தார். கயிறு எங்கும் மாட்டவில்லை. நான் கல்லாய்ச் சமைந்துவிட்டேன்.”

வாய் திறந்த குப்பம்மா மூடிக்கொண்டாள். சார் அரிக்கேன் விளக்கின் திரியைத் தேவையில்லாமல் ஏற்றினார்.

மாமா சிலேட்டிலிருந்து தலையெடுக்கவில்லை. “ஏழு வாட்டி” என்றார்.

வீட்டுக்குப் பாதி தூரம் நடந்திருப்போம். நான்தான் கேட்டேன். “தெரிஞ்சிருந்தா ஏன் மாமா மாட்டிகிச்சுன்னு சொன்னீங்க?”

“அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சிகினேன். இல்லன்னா மறுபடி எப்பிடிடா எறங்கறது?”

“புதன்கெழம வேற யாராவது புடிக்கட்டும்.”

“வேற யாரு? உங்கக்காவுக்கு இன்னொரு தம்பிய எந்தச் சந்தையில போய்ப் புடிக்கிறது?” காறித் துப்பினார். சிரிக்கவில்லை. “நீயே புடிப்ப. இல்ல, ரெண்டு பேரும் வூட்ல குந்தலாம்.”

“நானே புடிக்கிறேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அக்காவிடம் அன்றைக்கே சொன்னேன். அம்சவல்லி அக்கா என்னைப் பார்க்காமல் களியைக் கிண்டினாள். மறுநாள் காலையில் மடி நிறையப் புளியங்கொட்டையோடு வந்து, “கவுத்த எட்றா” என்றாள். மாமா சரிவுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் நின்று இழுத்தார். அவர் இழுக்கும் நேரம் பார்த்து அக்கா புளியங்கொட்டையை என் முகத்தில் வீசினாள். கண்ணை மூடினேன், கை நின்றது.

“கண்ண மூடிக்க, எனக்கு இன்னா? கைய ஏண்டா நிறுத்தற?”

அக்காவின் குறி தவறவில்லை. கோபம் இருந்த வீச்சுக்கும் இல்லாத வீச்சுக்கும் வித்தியாசம் தெரிந்தது. சனிக்கிழமை இருபது இழுப்பில் பதினொன்று தவறவிட்டேன். ஞாயிறு ஏழு. செவ்வாய் மாலை இரண்டு. அந்த இரண்டு ஏன் என்று நோட்டில் எழுதப் பார்த்தேன். தெரியவில்லை.

புதன்கிழமை காலை வெயில் ஏறுமுன் பாறைக்குப் போனோம். மாமா இடுப்பு முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கமாக இறங்கினார். முதலில் கால் மறைந்தது, பிறகு தோள், பிறகு தலைத்துண்டு. கீழேயிருந்து புகை வந்தது. இரைச்சல் வந்தது. கயிற்று முனையை இறுக்கிப் பிடித்தேன். முதல் ஈ என் புறங்கையில் வந்து உட்கார்ந்து, விரல் கணு வரை நடந்து, அங்கே நின்றது. அதன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே கயிறு சற்று இறுகியது; முதல் இழுப்பு.