மாமனாரின் மத்தியான வாழைப்பழம்

மருமகளுக்குப் பொறுமை கிடையாது. துப்புத் துலக்கும் ஆசை மட்டும் மூட்டை மூட்டையாய் உண்டு. வேலையும் அதற்குத் தோதாகவே வாய்த்திருந்தது. யார் எதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறும் என்று ஆளுக்கு ஆள் தனியாகக் கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஒரு மருத்துவமனைக்காக உருவாக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை முதல் அது நோயாளிகள் கைக்குப் போகிறது.

வீட்டில் சோதனை எலி மாமனார். லாரிப் பட்டறையில் சம்மட்டி அடித்தே ஓய்வுபெற்றவர். அவர் இடது கையில் ஒட்டிய சென்சார், தினமும் மத்தியானம் சர்க்கரை மளமளவென்று இறங்குவதாகச் சொல்லும். உடனே போன் கத்தும்: 'ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள்.' சோபாவில் சாய்ந்திருப்பவர், மணி ஓய்வதற்குள் எழுந்து தோலை உரித்திருப்பார்.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறிக்கிடந்தது. டாக்டர் காய்ச்சி எடுத்துவிட்டார். இதே தப்பு நோயாளிகளுக்கும் நடந்தால்?

சென்சார் தந்த வரைபடத்தை மறுபடி பார்த்தாள். மத்தியானம் அவர் சோபாவிலிருந்து எழுந்த உடனேயே சர்க்கரை ஏறியிருந்தது. பழம் வாய்க்குப் போகும் முன்பே எப்படி ஏறும்? போன வாரம் மட்டும் இறக்கமே இல்லை.

"போன வாரமா? ரேடியோ ரிப்பேர்ல இருந்துச்சே, வீடே நிம்மதியா இருந்துச்சு" என்றான் கணவன்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் அவள் சோபா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். மாமனார் ரேடியோவைப் போட்டுவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்தார்.

"ஏன் மாமா இந்தப் பக்கமே படுக்கறீங்க?"

"இடது காதைத்தான் பட்டறை வாங்கிக்கிச்சே. நல்ல காது மேல இருந்தாத்தானே நியூஸ் கேக்கும்?"

சென்சார் அவர் உடம்புக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. போன் கத்தியது. அவள் துள்ளி எழுந்து அவர் விரலில் குத்தி மீட்டரில் பார்த்தாள். சர்க்கரை ஜம்மென்று இருந்தது! அமுக்கினால் சென்சார் பொய் சொல்கிறது. சந்தோஷத்தில் குதித்தாள், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். செயலிக்குச் சாப்பாட்டைப் பற்றி அத்தனையும் கற்றுக்கொடுத்தவள், மனிதர்கள் படுப்பார்கள் என்பதைச் சொல்லித்தர மறந்திருந்தாள்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திருத்தினாள். இப்படிச் சர்க்கரை இறங்கினால் செயலி முதலில் புரண்டு படுக்கச் சொல்லும். விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் பழம். சென்சாரும் வலது கைக்கு மாறியது.

"அப்போ இனிமே அது என்னைக் கூப்பிடாதா?" என்றார் மாமனார்.

"பழத்துக்காகவா இவ்வளவு வருத்தம்?"

"பழம் கிடக்குதும்மா. உன் அத்தை போனப்புறம் என்னைச் 'சாப்பிடுங்க'ன்னு சொன்னது அது ஒண்ணுதான். நீங்க எல்லாரும் 'அதைத் தொடாதீங்க, இதைத் தொடாதீங்க'ன்னுதானே சொல்றீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை மத்தியானம் செயலி மருத்துவமனைக்குப் போய்விட்டது. வழக்கமாக வீட்டில் வேலை பார்க்கும் மேசையிலேயே கொறிப்பவள், கணினியை மூடிவிட்டு இரண்டு தட்டு வைத்தாள். சோபாவைச் சுற்றி அவர் வலப்பக்கம் போய் நின்றாள்.

"மாமா, சாப்பிடுங்க வாங்க."

நல்ல காதுப் பக்கம்தான். ஆனாலும் அவர் கேட்காததுபோல் இருந்து, அவளை இன்னொரு முறை சொல்லவைத்தார்.