இங்கே கேட்டது

லிஃப்ட் மெக்கானிக் அந்த வாசலை இரண்டு முறை கடந்து போய்விட்டு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மழலையர் பள்ளி ஒன்றின் மாடியில் கூட்டம். குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடிப் பேசும் இடம் என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் போட்டிருந்தது. அதிலிருந்த எண்ணைப் பதினொரு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். இரண்டு தடவை அழைத்து, மறுமுனையில் குரல் கேட்டதும் துண்டித்துவிட்டார். அடுத்த தடவை அந்தக் குரல் முந்திக்கொண்டது. “வச்சிடாதீங்க. நானும் இப்படி வச்சவன்தான்.”

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் வேலை. ஒரு மதியம் சாராய மயக்கத்தில் பிரேக்கைச் சரியாக முடுக்காமல் விட்டதில், ஒரு வயதான தம்பதியோடு லிஃப்ட் ஒரு மாடி தூரம் சறுக்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. அந்த அம்மாள் மட்டும் வெளியே வந்த பிறகும் லிஃப்ட் கதவுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்காரவைத்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாதம் ஆகிவிட்டது.

படியேறும்போதே உள்ளே ஒருவர் பேசுவது கேட்டது. வீட்டில் கேட்டுப் பழகிய குரல். காது ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினார். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மார்பில் இடிக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். குடும்பத்தில் எந்தப் பஞ்சாயத்தானாலும் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

மச்சானும் பார்த்துவிட்டார். வாய் பாதியில் நின்றது. பிறகு தரையைப் பார்த்தபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குடியை விட்டு ஏழு வருடம் இரண்டு மாதம் ஆகிறதாம். வெளியூரில் பயிற்சி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஒரு மாதம் சிகிச்சையில் இருந்தாராம். அவர் குடித்ததே தங்கை உட்பட யாருக்கும் இன்றுவரை தெரியாதாம்.

அந்த ஒரு மாதமும் கடை ஷட்டரைத் திறந்து மூடியது மெக்கானிக்தான். காலையில் கடைப் பையனுக்குத் திறந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து பூட்டிவிட்டு, களைப்புக்கு என்று ஒரு குவார்ட்டர் வாங்குவார். பின்னால் மாமியார் இறந்த அன்று இதே மச்சான்தான் எல்லோர் முன்னாலும் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து, அந்த வாடையோடு அம்மா பக்கத்தில் வராதே என்று வாசலுக்குத் தள்ளியவர். அன்று அவர்மேல் மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை. ஒழுக்கமான மனுஷன், கேட்க உரிமை இருக்கிறது என்றுதான் தோன்றியது.

கூட்டம் முடிகையில் ஒரு பெண் எழுந்து விதியை நினைவுபடுத்தினாள். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சான் இரண்டு முறை ஆட்டினார்.

படிக்கட்டில் மெக்கானிக் அவரை மறித்தார்.

“ஏழு வருஷமா இந்த இடம் உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மாப்ள.”

“எல்லார் முன்னாடியும் என் காலரைப் பிடிக்கத் தெரிஞ்சுது. தனியா கூப்பிட்டு, இப்படி ஒரு இடம் இருக்குன்னு சொல்ல வாய் வரலையா?”

மச்சான் கைப்பிடிக் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்தார். “சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்பீங்க” என்றார். பிறகு, “அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ என்னை நம்பித்தான் வந்திருக்கா.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. நேராகச் சாராயக்கடைக்குப் போய்விடலாம் என்று கால் பரபரத்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. மச்சானுக்கு மறுபடி தன் காலரைப் பிடிக்கும் சலுகையைக் கொடுக்கக் கூடாது என்ற வன்மமாக இருக்கலாம்.

குடிக்காமல் நாற்பது நாள் போனது. ஞாயிறுதோறும் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள், பேச்சு கிடையாது. நாற்பத்தோராம் நாள், ஒரு மணி நேரம் மட்டும் வந்து மகளைப் பார்க்கலாம் என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

மச்சான் வீட்டுக் கூடத்தில், மச்சானும் கூட இருக்க, மகள் எதிரில் உட்கார்ந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு படிக்க வேண்டும் என்று எழுந்து போனாள். மனைவி ஆண்கள் இருவருக்கும் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாற்பது நாள் என்பது பெரிய விஷயமா என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். முன்பும் இருபது நாள், முப்பது நாள் பார்த்தவள்.

“எங்கண்ணனைப் பாருங்க. வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. மனசுல உறுதி இருந்தா முடியும். உங்களுக்கு அதுதான் இல்ல.”

மச்சான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே ஒரு வாக்கியம் போதும். அது மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் இவள் போய் உட்காரவும் ஒரு வீடு இருக்காது.

“சரி” என்றார். தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தார்.

அவள் தம்ளர்களை எடுக்க வந்தாள். அண்ணனுடையதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கணவனுடையதைத் தூக்கியவள், சமையலறைப் பக்கம் திரும்பும்போது அதன் விளிம்பை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் மோந்து பார்த்தாள். இரண்டு ஆண்களும் அதைப் பார்த்தார்கள்.