ஜெபித்துக் கொடுத்த பொடி

ரீபா மதினி வாயைத் திறந்தால் சபையில் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் பெண்கள் ஐக்கியத் தலைவி என்றால் சும்மாவா? தம்பி மனைவி பாக்கியவதிக்குத் தைராய்டு புற்றுநோய் என்றதுமே பச்சைப் பொடி டப்பாவோடு வந்துவிட்டாள்.

"உடம்புக்குள்ள துருப்பிடிச்சுத்தான் இந்தச் சீக்கு வருது, பாக்கியம். இது துருவை எடுக்கும். ஐக்கியத்துல எல்லாரும் கைவச்சு ஜெபிச்சிருக்கோம்."

பொடியை விற்பதும் தான்தான் என்பதை மட்டும் ஜெபத்தில் சேர்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சையில் சுரப்பி போனது. கூடவே குரலும் போனது. பள்ளிக்கூடத்தையே அதட்டிய டீச்சர் பாக்கியவதி இப்போது வெறும் காற்றாகப் பேசினாள். மிச்சமிருந்த புற்றுச் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும். "துருப்பிடிச்சுத்தான் இது வருமாமே?" என்று டாக்டர் பிரியதர்ஷினியிடம் கேட்டாள்.

"அதுக்கும் பங்கு இருக்கும்மா. ஆனா இந்த மருந்து அதே துருவை உண்டாக்கித்தான் புற்றைக் கொல்லுது. மீன், அயோடின் உப்பு ஆகாது. செல்லு அந்த அயோடினைக் குடிச்சு நிறைஞ்சிட்டா மருந்தை உள்ள விடாது. வேற மருந்து ஏதும் சாப்பிடுதீங்களா?"

"இல்லை."

பொய் சொல்லும் பெண் இல்லை அவள். சபை ஜெபித்துக் கொடுத்ததை மருந்து என்று எந்த வாயால் சொல்வது? உப்பையும் மீனையும் விட்டவள், பொடியை மட்டும் தினமும் ஸ்தோத்திரம் சொல்லிக் குடித்தாள்.

தனியறையில் அடைந்து கிடந்து மருந்து எடுத்தும், அது புற்றுச் செல்லில் பிடிக்கவே இல்லை என்று ஸ்கேன் காட்டியது. டாக்டர் குடைந்து கேட்ட பிறகுதான் டப்பா வெளியே வந்தது. அவர் லேபிளைப் படித்தார்.

"கடல்பாசிம்மா. முழுக்க அயோடின். துருவைத் தடுக்கிற சத்தும் சேர்த்திருக்கான்; எந்தக் கதிர் வைத்தியத்தையும் அது கெடுக்கலாம். இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா."

கழுத்தில் புதிதாக ஒரு கட்டி வந்திருந்தது. மறுபடி கத்தி, மறுபடி அயோடின். இந்தத் தடவையாவது பிடிக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. பாக்கியவதிக்கு மதினி மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம்.

ஞாயிறு ஆராதனையில் மதினி சாட்சி சொன்னாள். "எங்க பாக்கியத்துக்குக் கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு. நாங்க ஜெபிச்ச பொடிதான் கருவி!"

பாக்கியவதி எழுந்து, "பொய்" என்றாள். பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

"சந்தோசத்துல அவளுக்குப் பேச்சே வரலை, பாருங்க!" என்றாள் மதினி. சபை முழுக்க ஸ்தோத்திரம் முழங்கியது.

கோயில் வாசலில், அதே சபையின் பிரிஸில்லா கையில் புதுப் பொடி டப்பா இருந்தது. மார்புப் புற்றுக்குக் கதிர் வைத்துக்கொண்டிருப்பவள். பாக்கியவதி அவள் கையைப் பிடித்து, காதோடு வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிரிஸில்லா பைய கையை விடுவித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு தலைவியம்மா வருத்தப்பட்டாங்க, டீச்சர்."

"சரி, குடி. டாக்டர்ட்ட மட்டுமாவது சொல்லிரு, பிள்ளை."

"ஜெபிச்சுக் குடுத்ததைப் போயி மருந்துன்னு சொல்லவா, டீச்சர்?"