கடைசியில் ஏறியவள்

மே மாதம் பதினான்காம் நாள், காலை ஒன்பதே கால் மணிக்கு, ஐம்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை அவளுடைய உடன்பிறந்த தம்பி எடைமேடையில் இறக்கிவிட்டுப் போனான். அதே வண்டியில் நூற்றிருபது லிட்டர் தண்ணீர் இருந்தது. அதில் பாதியைத் திறந்துவிட்டிருந்தாலே போதும். அவன் திறக்கவில்லை. முறையீடு இவ்வளவுதான்.

பார்சல் கிடங்கில் அவளை எல்லோரும் 'அடுக்கக்கா' என்றே அழைப்பார்கள். எந்த லாரியில் எந்தச் சரக்கு எங்கே நிற்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் முடிவு செய்தவள் அவள். கனமானது கீழே, அச்சுக்கு அருகில்; இலேசானது மேலே; இடமும் வலமும் சமம்; கடைசியில் ஏற்றியதை முதலில் இறக்கு. வாரத்துக்கு இரண்டு லாரிகள் மலைக்குப் போகும். கணக்குப் பார்த்தால், மூவாயிரம் லாரிகளுக்கு மேல் அந்த மலைக்கு அவள் அனுப்பியிருந்தாள். ஆனால், மலையை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மார்ச்சில் அவள் ஓய்வு பெற்றபோது தம்பி வந்து, "கேரவன் வண்டி வாங்கிட்டேன்க்கா. முதல் சவாரியே மலைக்குத்தான். நீ இல்லாமலா?" என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு மாதம் வாழ்ந்தாள். ஸ்வெட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

வண்டியை அடுக்கியவளும் அவளே. முப்பது கிலோக் கருவிப் பெட்டி இடப்பக்கத் தரையில், அரிசியும் டப்பாக்களும் கீழ்த்தட்டில், போர்வைகள் மேல்தட்டில். தண்ணீர்த் தொட்டி வலப்பக்க இருக்கைக்கு அடியில் இருந்ததால், தன்னையும் ஒரு மூட்டையாக எண்ணி, இடப்பக்க இருக்கையைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டாள். 'அரைத்தொட்டி மட்டும்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டவும் மறக்கவில்லை. காலையில் தம்பி மனைவி அந்தத் தாளைக் கிழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, தொட்டியை வழிய வழிய நிரப்பினாள்.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட கேரவனை விடமாட்டார்கள். எடைச் சீட்டைக் காட்ட வேண்டும். ஆகவே வழியில் எடைமேடையில் வண்டியை ஏற்றினார்கள்.

"அம்பத்தாறு கிலோ கூட நிக்குது," என்றார் எடைமேடைக்காரர். "தண்ணி எவ்வளவு இருக்கு?"

"தொட்டி நிறைய," என்றான் தம்பி.

"அப்புறம் என்ன, பாதியத் திறந்து விடுங்க. லிட்டருக்கு ஒரு கிலோ. அஞ்சு நிமிஷ வேலை."

தம்பி மனைவி தலையை வெளியே நீட்டினாள். "அதெல்லாம் ஆகாது. கண்ட தண்ணில குளிச்சா எனக்கு முடி கொட்டும். இது வீட்டுத் தண்ணி."

"சரி, பின்னாடி அந்த இரும்பு அடுப்பையும் நாற்காலியையும் இறக்கி வைங்க. திரும்பி வரப்ப எடுத்துக்கலாம்."

"அடுப்பு இல்லாம அது என்ன டூர்?" என்றாள் தம்பி மகள்.

மூவர் பார்வையும் இடப்பக்க இருக்கைக்குத் திரும்பியது.

"அண்ணி எவ்வளவு இருப்பீங்க?" என்றாள் தம்பி மனைவி, கத்தரிக்காய் விலை கேட்பதுபோல.

எடைமேடை அறைக்குள் ஆள் நிற்கும் தராசு ஒன்று இருந்தது. கணக்குக்குத்தான் கேட்கிறார்கள் என்று நம்பி, அடுக்கக்கா தானே போய் ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு.

தம்பி சிரித்தான். "அக்கா, உன் கிடங்குச் சட்டம் என்ன? கடைசியா ஏத்தினத முதல்ல இறக்கு. வீட்டைப் பூட்டி, கதவை நாலு தடவை இழுத்துப் பார்த்துட்டுக் கடைசியா ஏறினது யாரு?"

"அத்தை மாட்டிக்கிட்டாங்க," என்று மகள் கைதட்டினாள்.

"அது சரக்குக்குடா."

"கோச்சுக்காதக்கா. உன் பிரஷருக்கு மலை ஒத்துக்காது. நாலு நாள்ல போட்டோ கொண்டு வந்து காட்டுறேன்."

எடை மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று சீட்டு வந்தது. மிஞ்சிய இரண்டு கிலோவையும் வீணாக்க மனமில்லாமல், தம்பி மனைவி எதிர்க் கடையில் இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கினாள். தம்பி மகளோ காலை நீட்ட இடம் வேண்டுமென்று கருவிப் பெட்டியைத் தூக்கி, பின்கோடி மேல்தட்டில் செருகினாள். வெளியே நின்ற அடுக்கக்கா அதைப் பார்த்தாள். கனம் மேலேயும் பின்னாலும் போனால் முன்சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். மலை வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினாள். விடை கொடுக்கிறாள் என்று எண்ணித் தம்பி கையசைத்தான். வண்டி போய்விட்டது.

எடைமேடைக்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்புக்கு வெட்கப்பட்டு, எண்ணை அழுத்தினாள்.

"என்ன அண்ணி, அதுக்குள்ள ஏக்கமா?"

"தம்பிகிட்டக் குடு. டேய், மலை ஏறறதுக்கு முன்னாடி வண்டிய ஓரங்கட்டு. கருவிப் பெட்டியப் பழைய இடத்துலயே கீழ வை. நான் இல்லாததால வலப்பக்கம் சாயும். அரிசி மூட்டைய என் சீட்டுல வச்சு பெல்ட் போடு."

அவன் அப்படியே செய்தான். அரிசி மூட்டை பெல்ட் அணிந்து, ஜன்னலோரம் அமர்ந்து மலை ஏறியது.

மாலை ஆறு மணிக்கு வீட்டில் அவளுடைய போன் ஒலித்தது.

"அக்கா, உப்பு எங்க வச்ச?"

"இடப்பக்கம், கீழ்த்தட்டு, நீல டப்பாவுக்குப் பின்னால." போனுக்குள் ஏதோ கொட்டும் ஓசை கேட்டது. "அது என்னடா சத்தம்?"

"அதுவா? தொட்டித் தண்ணி பிளாஸ்டிக் வாடை அடிக்குதாம், இவளுக்குப் பிடிக்கல. இங்கயே வெந்நீர்க் குழாய் இருக்கு. அதான் எல்லாத்தையும் திறந்து விட்டுட்டேன்."

அவள் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மலை எப்படிடா இருக்கு?"

"ஒரே குளிரு. உன் ஸ்வெட்டர் வண்டியிலயே இருந்துச்சு, நல்லவேளை. பாப்பா போட்டுக்கிட்டா. சரி, வைக்கறேன்."

இதைப் படித்து முடித்த உங்களிடமும் நாளை ஒருவர் எடைச் சீட்டை நீட்டுவார். எடை கூடியிருந்தால், முதலில் தண்ணீர்க் குழாயைத் திறவுங்கள். அதற்கு மனம் வரவில்லையென்றால், நீங்கள் இறங்குங்கள்.